பதினொரு நாள் ஆஸ்பத்திரி: மேனேஜருக்கு மார்க் போடக் கட்டம் இல்லாததால் இங்கே எழுதுகிறேன்

டாக்டருக்கு 5க்கு 4. நர்சுகளுக்கு 5க்கு 5. சுத்தத்துக்கு 4, கேன்டீனுக்கு 3, பில் கவுன்டருக்கு 2. நிர்வாகத்துக்கு 1. கடைசியாகச் சொன்ன அந்த ஒன்றைப் போட அவர்கள் ஃபாரத்தில் இடமே இல்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

திருச்சியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. 150 படுக்கை. பெயரைப் போடப் போவதில்லை. போட்டால் "அந்தம்மாகிட்ட எவ பேசினா" என்று வார்டு வார்டாக விசாரணை நடக்கும், மாட்டுவது அந்தப் பெண்கள்தான். பெயர் இல்லாத விமர்சனம் யாருக்கு உதவும் என்று கேட்பீர்கள். நீங்கள் எந்த ஊரில் எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் வீட்டுக்குக் கிளம்பும்போது கையில் ஒரு டேப்லெட்டைக் கொடுத்து நட்சத்திரம் போடச் சொல்கிறார்கள். அந்த நட்சத்திரம் யார் தலையில் போய் விழுகிறது என்று எனக்கு முன்னால் தெரியாது. தெரிந்துகொண்ட விதம் நன்றாக இல்லை. உங்களுக்காவது முன்பே தெரியட்டும்.

நான் என்.எஸ்.பி. ரோடு பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் 17 வருஷமாகப் புடவை செக்‌ஷனில் இருக்கிறேன். காலை ஒன்பதரைக்கு நிற்க ஆரம்பித்தால் ராத்திரி ஒன்பதரை. கஸ்டமர் இல்லாத நேரத்தில் தூணில் சாய்ந்தால் 50 ரூபாய், பக்கத்து கவுன்டர் பெண்ணோடு பேசினால் 50 ரூபாய், பத்து நிமிஷம் லேட்டானால் அரை நாள் என்று பிடித்த காலத்தையெல்லாம் பார்த்தவள். ஒரு பெண் மூலையில் இருக்கும் கேமராவை நிமிர்ந்து பார்த்துவிட்டுச் சட்டென்று எழுந்தால், எதற்கு எழுந்தாள் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அம்மாவுக்கு 74 வயது. லால்குடிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். மார்கழி விடியற்காலையில் வாசல் தெளிக்க வாளியோடு போனவர் படியில் வழுக்கி விழுந்துவிட்டார். இடது இடுப்பு எலும்பு முறிவு. டாக்டரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் காட்டி, உடைந்த பந்தை எடுத்துவிட்டு உலோகப் பந்து வைக்கப் போகிறோம், இந்த வயதில் படுக்கையிலேயே போட்டு வைத்தால் நெஞ்சில் சளி கட்டும், காலில் ரத்தம் உறையும், அதனால் சீக்கிரம் எழுப்பி நடக்க வைக்க வேண்டும் என்று எனக்குப் புரியும்படி சொன்னார். மறுநாளே ஆபரேஷன். மூன்றாம் நாள் வாக்கரைப் பிடித்து நாலு அடி. ரவுண்ட்ஸ் நேரம் சொன்னபடி வராததற்காக ஒரு மார்க் குறைத்தேன். கேன்டீனில் இட்லி சூடாக இருக்கும், சாம்பார் தண்ணீர். நோயாளிக்குத் துணையாக இருக்கும் அட்டெண்டர் படுக்க ஒரு பெஞ்சு தருகிறார்கள். மொத்தம் மருந்தோடு 1,87,000 ரூபாய் ஆனது. முதலில் சொன்ன தொகைக்கு மேல் பெரிதாக ஏற்றவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும்.

இனி நர்சுகள்.

எங்கள் ஜெனரல் வார்டில் 14 கட்டில். ராத்திரி எட்டு மணியிலிருந்து காலை எட்டு மணிவரை ஒரே ஒரு நர்ஸ். இரண்டு மாடிக்கும் சேர்த்து ஒரு ஆயாம்மா. "எங்க பாடத்துல ஆறு பேஷண்ட்டுக்கு ஒருத்தர், ஐ.சி.யூ.ல ஒருத்தருக்கு ஒருத்தர்னு படிச்சோம் அக்கா" என்று ஒரு நாள் அந்தப் பெண் சொன்னாள். இங்கே பதினாலு பேருக்கு ஒருத்தி. அவளை நைட் சிஸ்டர் என்றே எழுதுகிறேன். ஊர் பெயர் சொன்னால்கூடக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

அம்மாவின் நரம்பு நூல் மாதிரி இருக்கும். முதல் நாள் மத்தியானம் இரண்டு இடத்தில் குத்தியும் ஊசி நிற்கவில்லை, கை நீலம் பாரித்துவிட்டது. ராத்திரி இவள் வந்தாள். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துண்டை அம்மாவின் முன்கையில் சுற்றி ஐந்து நிமிஷம் வைத்தாள். கையைக் கட்டிலுக்குக் கீழே தொங்கவிடச் சொன்னாள். பிறகு கண்ணை எங்கேயோ வைத்துக்கொண்டு விரலால் மட்டும் தடவினாள். பட்டில் ஜரிகை எப்படி என்று நானும் அப்படித்தான் விரலால் பார்ப்பேன். கண் ஏமாறும், விரல் ஏமாறாது. ஒரே குத்து. ரத்தம் குழாயில் ஏறியதும் "பாட்டி, முடிஞ்சுது, இனிமே குத்த மாட்டேன்" என்று அம்மாவின் நெற்றியைத் துடைத்துவிட்டாள். அந்த ஊசி மூன்று நாள் நின்றது.

இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் அம்மாவைத் திருப்பிப் போட வேண்டும், இல்லையென்றால் படுக்கைப் புண் வரும். எப்படித் திருப்புவது என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தாள். இரண்டு காலுக்கும் நடுவில் தலையணை இருக்கணும், ஆபரேஷன் செய்த கால் உள்பக்கம் மடங்கினால் புதுப் பந்து நழுவிவிடும். "இழுக்காதீங்க அக்கா, ஷீட்டோட தூக்கி நகர்த்துங்க. இழுத்தா தோல் உரிஞ்சிடும்." அவள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். குதிகால் மெத்தையில் படாமல் இருக்க ஒரு துண்டைச் சுருட்டி வைத்தாள். பதினொரு நாளும் அம்மாவின் முதுகில் ஒரு சிவப்புத் தழும்புகூட வரவில்லை. வீட்டுக்கு வந்து பார்த்த எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியம்மா, மாமியாரைப் படுக்கையில் வைத்துப் பார்த்தவர், முதுகைத் தடவிப் பார்த்துவிட்டு, "யாரு பார்த்துக்கிட்டது?" என்றுதான் முதலில் கேட்டார்.

ஐந்தாம் நாள் ராத்திரி அம்மாவுக்கு வயிறு போய்விட்டது. மணி இரண்டேகால் இருக்கும். ஒரு பக்கமாகத் திருப்பி, நான் தோளையும் இடுப்பையும் பிடித்துக்கொண்டிருக்கிறேன். அவள் கையுறையோடு துடைத்துக்கொண்டிருக்கிறாள். விட்டால் அம்மா மல்லாக்கச் சாய்ந்துவிடுவார், அந்தக் கால் எப்படி மடங்கும் என்று தெரியாது. அப்போது நர்ஸ் ஸ்டேஷனில் ஃபோன் அடித்தது. அவள் தலையைத் தூக்கி அந்தப் பக்கம் பார்த்தாள். மறுபடி குனிந்து வேலையை முடித்தாள். ஃபோன் அடித்து நின்றது. கையுறையைக் கழற்றி, கை கழுவி, ஓடிப்போய்த் திரும்பக் கூப்பிட்டாள். யாருக்கும் எதுவும் ஆகவில்லை. கீழே இருந்து நைட் சூப்பர்வைசர் எடுக்கிறார்களா என்று பார்க்க அடித்த ஃபோன் அது.

மறுநாள் ராத்திரி பதினோரு மணிக்கு மேல் என்னிடம் வந்தாள். "அக்கா, ஒரு வெள்ளைத்தாள் இருக்குமா?" டைரியிலிருந்து கிழித்துக் கொடுத்தேன். டைரித்தாள் கூடாது, கோடு போடாத தாளில்தான் எழுத வேண்டுமாம். எதற்கு என்று கேட்டதும் கண் கலங்கிவிட்டாள். மெமோ. ராத்திரி 2.17க்கு மூன்று ரிங்குக்குள் ஃபோனை எடுக்கவில்லை, கடமையில் அலட்சியம், இருபத்து நாலு மணி நேரத்துக்குள் எழுத்து மூலம் விளக்கம் தர வேண்டும், 300 ரூபாய் சம்பளத்தில் பிடிக்கப்படும்.

முதலில் பிடிப்பதாக எழுதிவிட்டு அப்புறம் விளக்கம் கேட்கிறார்கள். அந்த வரிசையைப் பாருங்கள்.

"நான் எழுதித் தர்றேன்மா, நான்தானே இந்தப் பக்கம் பிடிச்சிருந்தேன்" என்றேன். பதறிவிட்டாள். "ஐயோ வேண்டாம் அக்கா. அட்டெண்டர்கிட்ட சொன்னேன்னு அதுக்கு ஒண்ணு வரும்." கேன்டீன்காரரிடம் ஒரு வெள்ளைத்தாள் வாங்கி வந்து கொடுத்தேன். விடிகாலை நாலு மணிக்கு, எல்லா கட்டிலுக்கும் பிரஷர் பார்த்து முடித்த பிறகு, நின்றுகொண்டே மருந்து டிராலி மேல் வைத்து எழுதினாள். மன்னிப்புக் கேட்டு எழுதினாள். அந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருந்தாள் என்று ஒரு வரியாவது எழுதச் சொன்னேன். "காரணம் எழுதினா எதிர்த்துப் பேசறேன்னு எடுத்துக்குவாங்க" என்றாள்.

உட்கார்ந்து எழுதக் கூடாதா? கூடாது. அதற்கு முந்தின வாரமே ஒரு மெமோ வாங்கியிருக்கிறாள். மூச்சுத் திணறின ஒரு தாத்தாவின் கட்டில் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, கால் மணிக்கு ஒரு தரம் ஆக்சிஜன் அளவு பார்த்து எழுதியிருக்கிறாள். கேமராவில் பார்த்தவருக்கு நர்ஸ் உட்கார்ந்திருப்பது மட்டும் தெரிந்திருக்கிறது. அதற்கும் 300.

இதைக் கேட்டபோதுதான் எனக்கு நெஞ்சு எரிந்தது. 2021இல் எங்களுக்கு இருக்கை வந்தது. தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் ஒரு பிரிவைச் சேர்த்து, வேலை நேரம் பூராவும் ஊழியரை நிற்க வைக்கக் கூடாது, உட்கார இடம் தர வேண்டும் என்று சட்டசபையில் நிறைவேற்றினார்கள். கேரளாவில் அதற்கு மூன்று வருஷம் முன்பே வந்துவிட்டது. எங்கள் கடையில் செக்‌ஷனுக்கு இரண்டு பிளாஸ்டிக் ஸ்டூல் வந்த அன்றைக்கு, அதில் உட்காரப் பயந்துகொண்டு அதன் மேல் புடவையை அடுக்கினோம். ஒரு வாரம் ஆனது உட்கார. இப்போதும் முதலாளி வந்தால் எழுந்துவிடுகிறோம். ஆனால் உட்கார்ந்ததற்கு யாரும் பணம் பிடிப்பதில்லை. புடவை விற்கிற எனக்கு ஸ்டூல் இருக்கிறது. ராத்திரி முழுக்கப் பதினாலு உயிரைப் பார்க்கிறவள் ஸ்டூலில் உட்கார்ந்தால் அபராதம்.

அடுத்தடுத்த நாள்களில் பகல் டியூட்டிப் பெண்களிடமும் பேச்சுக் கொடுத்தேன். ஒவ்வொருத்திக்கும் ஒன்று இருந்தது. கொண்டை வலைக்கு வெளியே முடி தெரிந்தது, 100. ஷூவில் தூசி, 100. தொலைந்துபோன தெர்மாமீட்டரின் விலையை அந்த ஷிஃப்டில் இருந்த மூன்று பேரும் பங்கு போட்டுக் கட்டினார்கள். பேஷண்ட்டின் பேரப்பிள்ளை கொடுத்த பிறந்த நாள் சாக்லெட்டை வாங்கிச் சாப்பிட்டதற்குக் கூட ஒரு பெண் விளக்கம் எழுதியிருக்கிறாள். பரிசுப்பொருள் பெற்றாளாம்.

நைட் சிஸ்டர் ஒரு நாள் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் டவுன் பஸ் கிடைக்காமல் ஒன்பது நிமிஷம் லேட். மாதத்தில் அது மூன்றாவது லேட் என்று அரை நாள் சம்பளம் போய்விட்டது. அவள் சம்பளம் 16,000. கடையில் நான் தினம் கணக்குப் போடுகிறவள், போட்டுப் பார்த்தேன். 26 நாளுக்குப் பிரித்தால் ஒரு நாளுக்கு 615. எட்டு மணி நேர வேலை என்றே வைத்தாலும் நிமிஷத்துக்கு ஒன்றேகால் ரூபாய் சொச்சம். ஒன்பது நிமிஷத்துக்கு 12 ரூபாய் வராது. பிடித்தது 307. அதே நாள் காலையில், அடுத்த ஷிஃப்டிடம் வார்டை ஒப்படைக்கிற ஹேண்ட்ஓவர் முடியாமல் ஐம்பது நிமிஷம் கூடுதலாக நின்றுவிட்டுத்தான் வீட்டுக்குப் போனாள். அந்த ஐம்பது நிமிஷம் எந்த மெஷினிலும் ஏறவில்லை.

அவள் படித்தது நாலு வருஷம், பி.எஸ்சி. நர்சிங். அப்பா நிலத்தை அடகு வைத்துப் படிக்க வைத்தது. "ஏம்மா இங்கேயே இருக்கே?" என்று கேட்டேன். வெளிநாட்டுக்குப் போக வேண்டுமானால் அனுபவச் சான்றிதழ் வேண்டும், இரண்டு வருஷம் முடியணும், மூன்று மெமோ சேர்ந்தால் சான்றிதழை இழுத்தடிப்பார்கள் என்றாள். அப்போதுதான் விஷயம் புரிந்தது. 300 ரூபாய் சின்னப் பணம். அந்தத் தாள்தான் பெரிது. ஃபைலில் தாள் சேரச் சேர அந்தப் பெண் வாயைத் திறக்க மாட்டாள். பதினாலு பேருக்கு ஒருத்தி போதாது, இன்னொரு ஆள் போடுங்கள் என்று கேட்க மாட்டாள். ஆள் குறைவால் தவறிப்போகிற ஒவ்வொரு வேலையும், மெமோ வந்ததும், அவளுடைய தனிப்பட்ட தப்பாக மாறிவிடுகிறது.

இதில் நமக்கென்ன, அவர்கள் ஆபீஸ் விவகாரம் என்று நினைப்பவர்களுக்காக எட்டாம் நாள் நடந்ததைச் சொல்கிறேன். ராத்திரி பத்தரை மணி. புதிதாகச் சேர்ந்த ஒரு சின்னப் பெண் அன்று வார்டில். எங்கள் எதிர் கட்டிலுக்குப் போட வேண்டிய ஆன்டிபயாடிக் குப்பி அவள் கையிலிருந்து நழுவித் தரையில் உடைந்தது. உடைந்தது என்று புத்தகத்தில் எழுதி வேறு குப்பி கேட்டால் 500 அபராதம், கூடவே மெமோ. அவள் என்ன செய்தாள் தெரியுமா? கண்ணாடியைக் கூட்டி அள்ளிவிட்டு என்னிடம் ஓடி வந்தாள். "அக்கா, அஞ்சு நிமிஷம் பார்த்துக்குங்க, கீழ ஃபார்மசி வரைக்கும் போயிட்டு வந்துடறேன்." சொந்தக் காசு அறுபது, எழுபது ரூபாய் கொடுத்து அதே மருந்தை வாங்கப் போனாள். திரும்பி வரப் பத்து நிமிஷத்துக்கு மேல் ஆனது. அந்த நேரம் பதினாலு நோயாளிகள் இருந்த வார்டில் ஒரு நர்ஸ் இல்லை. நான்தான் இருந்தேன், புடவை விற்கிற நான். கடைசிக் கட்டிலில் ஆக்சிஜன் வைத்த ஒருவர் இருந்தார். அவர் மார்பு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே நடு வார்டில் நின்றேன். அந்தப் பத்து நிமிஷத்தை என்னால் மறக்க முடியாது.

அந்தப் பெண்ணை நான் குறை சொல்ல மாட்டேன். பயத்தில் செய்தாள். உடைந்த குப்பியை மறைத்தவள் நாளைக்கு டோஸ் மாறிப்போனதையும் மறைப்பாள். மறைக்கச் சொல்லிக் கொடுத்தது யார்?

மறுநாள் ஃப்ளோர் மேனேஜரைப் போய்ப் பார்த்தேன். குப்பி விஷயத்தை எடுக்கவில்லை. எடுத்திருந்தால் அந்தப் பெண்ணின் வேலை போயிருக்கும். ஃபோன் மெமோவைப் பற்றியும் நேரடியாகச் சொல்லாமல், "ராத்திரியில ஒரே ஆள் இருக்கும்போது ஃபோனையும் பேஷண்ட்டையும் எப்படி சார் ஒண்ணாப் பார்ப்பாங்க?" என்று பொதுவாகக் கேட்டேன். முப்பது வயது இருக்கும் அவருக்கு. மரியாதையாகத்தான் பேசினார், காபி சொன்னார்.

"மேடம், இது எங்க இன்டர்னல் விஷயம். டிசிப்ளின் இல்லேன்னா பேஷண்ட் சேஃப்டி இல்ல."

"சார், எங்க அம்மாவைப் பாதி திருப்பின நிலையில விட்டுட்டுப் போய் ஃபோன் எடுக்கிறதா சேஃப்டி?"

"அதுக்கு ஒரு ஆயாவைக் கூப்பிட்டிருக்கணும்."

"ஆயாம்மா மேல் மாடியில இருந்தாங்க. ரெண்டு மாடிக்கும் அவங்க ஒருத்தர்தான்."

அவர் ஏதோ எழுதிக்கொண்டார். எழுதியதை எட்டிப் பார்த்தேன். என் அம்மாவின் கட்டில் எண்ணும், அதற்குப் பக்கத்தில் "ஸ்டாஃப் பேசியது யார்?" என்றும் இருந்தது. நான் எழுந்துவிட்டேன். "யாரும் என்கிட்ட எதுவும் சொல்லலை சார், நான் கண்ணால பார்த்தது" என்று மூன்று தடவை அழுத்திச் சொல்லிவிட்டு வந்தேன். அந்த மனிதர் கெட்டவர் என்று நான் சொல்ல வரவில்லை. அவர் மேஜை மேல் ஒரு சார்ட் இருந்தது, மாடி வாரியாக எத்தனை நட்சத்திரம், எத்தனை "குறைபாடு கண்டறியப்பட்டது" என்று. மெமோ கொடுக்காத மேனேஜர் வேலை செய்யாத மேனேஜர் என்று அவருக்கு மேலே இருப்பவர்கள் நினைக்கிறார்கள் போல.

என் அண்ணன் பெல் தொழிற்சாலையில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்தவர். சங்கத்தில் பழகியதால் சட்டம் கொஞ்சம் தெரியும். ஞாயிற்றுக்கிழமை அம்மாவைப் பார்க்க வந்தபோது கேட்டேன். 1936ஆம் வருஷத்துச் சம்பளப் பட்டுவாடாச் சட்டத்திலேயே எல்லாம் இருந்தது என்றார். எந்தெந்தச் செயலுக்கு அபராதம் என்று அரசிடம் ஒப்புதல் வாங்கி, அந்தப் பட்டியலை வேலை செய்கிற இடத்தில் ஒட்டியிருக்க வேண்டும். பிடிப்பதற்கு முன்னால் அந்த ஆள் சொல்வதைக் கேட்க வேண்டும். ஒரு சம்பளக் காலத்தில் மொத்த அபராதமும் சம்பளத்தில் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பிடித்ததைப் பதிவேட்டில் எழுத வேண்டும், அந்தப் பணத்தைத் தொழிலாளர்களின் நன்மைக்குத்தான் செலவு செய்ய வேண்டும். லேட்டுக்குப் பிடிப்பதானால் வராத நேரத்துக்கு உண்டான சம்பளத்துக்கு மேல் பிடிக்க முடியாது. 2019இல் நிறைவேற்றி, 2025 நவம்பரில் அந்தப் பழைய சட்டத்துக்குப் பதிலாக நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பிலும் அதே 3 சதவீதம்தான். 16,000க்கு 3 சதவீதம் 480 ரூபாய். நைட் சிஸ்டருக்கு அந்த ஒரு மாதத்தில் ஃபோனுக்கு 300, ஸ்டூலுக்கு 300, கொண்டைக்கு 100. லேட்டுக்குப் பிடித்ததைச் சேர்க்காமலே 700. அந்த ஆஸ்பத்திரியில் நான் ஏறி இறங்காத மாடி இல்லை. அபராதப் பட்டியல் எதுவும் எந்தச் சுவரிலும் ஒட்டியிருக்கவில்லை. நோயாளியின் உரிமைகள் என்று ஒரு பெரிய போர்டு மட்டும் இருந்தது.

அந்த 16,000மே தப்புக் கணக்கு என்றார் அண்ணன். 2016இல் உச்ச நீதிமன்றம் சொல்லி மத்திய அரசு போட்ட குழு, ஐம்பது படுக்கைக்குக் கீழே உள்ள சின்ன ஆஸ்பத்திரிகூட நர்சுக்கு 20,000க்குக் குறைத்துத் தரக் கூடாது, நூறு படுக்கைக்கு மேல் போனால் அரசு நர்ஸ் வாங்குவதில் பத்து சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது என்று பரிந்துரைத்திருக்கிறது. இங்கே 150 படுக்கை. பரிந்துரை பரிந்துரையாகவே இருக்கிறது.

பதினோராம் நாள் டிஸ்சார்ஜ். இதில் தப்புச் செய்தது நான்.

காலை ஒன்பதரைக்கு டாக்டர் வீட்டுக்குப் போகலாம் என்று எழுதிவிட்டார். திரும்பக் கொடுத்த மருந்தின் கணக்கு ஃபார்மசியில் நின்றது, லேப் பில் ஒன்று வரவில்லை, கவுன்டரில் ஆள் சாப்பிடப் போய்விட்டார். நாங்கள் கிளம்பும்போது மணி நாலு. அம்மா ஆறரை மணி நேரம் சக்கர நாற்காலியிலும் கட்டிலிலுமாக மாறி மாறி உட்கார்ந்து இடுப்பு வலியில் அழுதுவிட்டார். அந்த எரிச்சலோடு இருந்தபோது ஒருவர் டேப்லெட்டை நீட்டினார். மொத்தத்தில் எத்தனை நட்சத்திரம் என்று முதல் கேள்வி. இரண்டு போட்டேன். அடுத்தடுத்து டாக்டர், நர்ஸ், சுத்தம், உணவு, பில் என்று கட்டங்கள். நர்சுக்கு ஐந்து போட்டேன், பில்லுக்கு இரண்டு. நியாயமாகத்தான் போட்டோம் என்று நினைத்துக்கொண்டு காரில் ஏறினேன்.

நாலாம் நாள் ஃபோன் வந்தது. நைட் சிஸ்டர் இல்லை, பகலில் இருக்கும் மூத்த சிஸ்டர். அம்மாவின் தையல் எப்படி இருக்கிறது, கசிவு உண்டா, காய்ச்சல் உண்டா என்று கேட்டார். பேசி முடிக்கும்போது தயங்கித் தயங்கிச் சொன்னார். நான் போட்ட இரண்டு நட்சத்திரத்துக்காக அன்றைக்கு டியூட்டியில் இருந்த அவரிடமும் இன்னொரு சிஸ்டரிடமும் விளக்கம் கேட்டிருக்கிறார்கள். மொத்த நட்சத்திரம் குறைந்தால் அது வார்டு கணக்கில் விழுமாம். வார்டு என்றால் நர்ஸ். தாமதம் செய்தது ஃபார்மசி, லேப், கவுன்டர். அவர்கள் யாரும் வார்டில் இல்லையே. "தப்பா நினைக்காதீங்கம்மா, உங்க மேல வருத்தம் இல்ல" என்றார் அவர். அவர் அப்படிச் சொன்னதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை. அன்று காலையிலிருந்து நாலு தடவை ஃபார்மசிக்கு நடையாக நடந்து எங்கள் ஃபைலை நகர்த்தியவர் அவர்தான்.

அந்த ஃபாரத்தை மறுபடி நினைத்துப் பார்க்கிறேன். டாக்டர், நர்ஸ், சுத்தம், உணவு, பில். ராத்திரியில் பதினாலு கட்டிலுக்கு ஒருத்தி போதும் என்று முடிவு செய்தவருக்கு ஒரு கட்டம் இல்லை. மெமோவில் கையெழுத்துப் போடுகிறவருக்கு ஒரு கட்டம் இல்லை. கேமராவைப் பார்த்து உட்கார்ந்தவளை எண்ணுகிறவருக்கு ஒரு கட்டம் இல்லை. நாம் கோபத்தில் குறைக்கிற ஒவ்வொரு நட்சத்திரமும் கட்டம் இருக்கிறவர்கள் மேல்தான் விழும்.

தையல் பிரிக்கப் போன அன்று கையோடு ஒரு கடிதம் எடுத்துப் போனேன். அண்ணன் சொல்லச் சொல்ல நான் எழுதியது. டிஸ்சார்ஜ் தாமதத்துக்கும் வார்டு நர்சுகளுக்கும் சம்பந்தமில்லை, எந்த நேரத்தில் எது எங்கே நின்றது, அதற்காகக் கேட்ட விளக்கத்தைத் திரும்பப் பெற வேண்டும், அதை எனக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். நர்ஸ் பெயர் எதுவும் எழுதவில்லை. நகலில் சீல் வைத்துத் தந்தால்தான் போவேன் என்று ரிசப்ஷனில் நின்றேன். நிற்பது எனக்குப் பழக்கம். முக்கால் மணி நேரத்தில் சீல் வைத்துக் கொடுத்தார்கள். நீங்களும் குறை சொல்வதானால் இப்படிச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். டேப்லெட்டில் மொத்தமாக நட்சத்திரம் குறைக்காதீர்கள். எங்கே, எத்தனை மணிக்கு, எந்த கவுன்டரில் என்று தாளில் எழுதிக் கொடுங்கள். நல்லது செய்த நர்சைப் பாராட்டுவதையும் தாளில் எழுதிச் சீல் வாங்கி, ஒரு நகலை அந்தப் பெண்ணிடம் கொடுங்கள். அவள் ஃபைலில் மெமோவுக்குப் பக்கத்தில் அதுவும் ஒரு தாளாக இருக்கும்.

அம்மா இப்போது வாக்கர் இல்லாமல் கைத்தடியோடு கொல்லைவரை போகிறார். தையல் பிரிக்கப் போனபோது நைட் சிஸ்டரைப் பார்க்க முடியவில்லை, அவளுக்கு ராத்திரி டியூட்டி. அம்மா கொண்டுபோன எள்ளுருண்டை டப்பாவை வார்டில் கொடுக்கப் போனார். நான்தான் தடுத்துவிட்டேன், அந்த சாக்லெட் ஞாபகம் வந்து. டப்பா திரும்ப வீட்டுக்கே வந்தது.

போன வாரம் ஃப்ளோர் மேனேஜர் கூப்பிட்டார். கடிதம் கிடைத்தது, நடவடிக்கை எடுக்கிறோம், அந்த இரண்டு நட்சத்திரத்தை மட்டும் ஐந்தாக மாற்றித் தர முடியுமா, லிங்க் அனுப்புகிறேன் என்றார். மாற்றுகிறேன் சார், அந்த சிஸ்டர்களின் ஃபைலிலிருந்து அந்தத் தாளை எடுத்துவிட்டு, எடுத்துவிட்டோம் என்று எனக்கு ஒரு வரி எழுதி அனுப்புங்கள், அன்றைக்கே மாற்றுகிறேன் என்றேன். மேலே கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். இதை எழுதும்வரை லிங்க்தான் வந்திருக்கிறது.